பெரிய டர்போ வேண்டாம், முதல் 18 மீட்டரைப் பாருங்கள்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னிடம் 2021 போலோ 1.0 டிஎஸ்ஐ, ஆறு கியர் மேனுவல் இருக்கிறது. 48,000 கி.மீ. ஓடிய கார். போன வருடம் ஸ்டேஜ் 1 ரீமேப் (என்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருள் மாற்றம்) செய்தேன், டைனோவில் (குதிரைத்திறனை அளக்கும் கருவி) 140 குதிரைத்திறன் காட்டியது. டிராக் ரேஸில் இறங்க ஆசை. ஒரு கடையில் பெரிய டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) மாட்ட 2.5 லட்சம் கேட்கிறார்கள். என் பட்ஜெட் மொத்தமே 3 லட்சம்தான். தினமும் வேலைக்குப் போவதும் இதே காரில். டர்போ போடலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன்.

டிராக் (drag) ரேஸ் என்பது நின்ற இடத்திலிருந்து கிளம்பி நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர், ஓடும் பந்தயம். அதை ஒரு கார் எத்தனை விநாடியில் முடிக்கும் என்பதற்கு ரேஸ் உலகில் ஒரு பழைய தோராயக் கணக்கு உண்டு. காரும் ஓட்டுநரும் சேர்ந்த எடையைக் கிலோவில் எடுத்துக் குதிரைத்திறனால் வகுத்து, வரும் எண்ணின் கனமூலத்தை 7.6-ஆல் பெருக்க வேண்டும். உங்கள் எடையையும் சேர்த்து 1,150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கொடுத்த 110 குதிரைத்திறனில் 16.6 விநாடி வரும். இப்போதிருக்கும் 140-ல் 15.3. பெரிய டர்போ போட்டு 180 வந்தால் 14.1.

காகிதத்தில் ஒரு விநாடிக்கு மேல் லாபம், ஆசை வரத்தான் செய்யும். ஆனால் இந்தக் கணக்கு டயர் வழுக்காமல் பிடித்துக் கிளம்பும் கார்களுக்கானது. முன்சக்கரம் இழுக்கும் உங்கள் கார் சாதாரண ரோடு டயரில் இந்த 140-ஐயே தரையில் இறக்காது. 180 கொடுத்தால் முதல் கியர் முழுக்கப் புகைதான்.

கார் கிளம்பும் நொடியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நிற்கும்போது முன்சக்கரங்களின் மேல் ஏறக்குறைய 700 கிலோ இருக்கிறது. நன்றாகக் கிளம்பினால் அதில் 120 கிலோ போலப் பின்னால் சாய்ந்துவிடும். பின்சக்கரம் தள்ளும் காருக்கு இது வரம், நமக்கு நஷ்டம். எந்தச் சக்கரம் இழுக்க வேண்டுமோ அதன் மேலிருந்தே பாரம் போகிறது. இதோடு இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃபரன்ஷியல் வேறு, பிடி குறைந்த பக்கத்துச் சக்கரம் சுற்றத் தொடங்கினால் மற்றதற்கும் இழுவை கிடைக்காது. இந்தச் சண்டை முதல் 18 மீட்டரில் நடக்கிறது. ரேஸ்காரர்கள் இதை 60 அடி நேரம் என்பார்கள். ரோடு டயரில் இப்படிப்பட்ட கார் 2.4, 2.5 விநாடி எடுக்கும். நல்ல டயரும் பழகிய காலும் இருந்தால் 2.1, 2.2-க்கு வரும். இங்கே மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு 0.1 விநாடியும் கடைசிக் கோட்டில் 0.15 அளவுக்குப் பெருகி நிற்கும். அதாவது டயரும் பழக்கமும் மட்டுமே உங்களுக்கு அரை விநாடி வரை தரும்.

அதனால் முதல் செலவு டயர். 15 அங்குல வீல் ஒரு ஜோடி, அதில் 195/50 ஆர்15 அளவில் செமி ஸ்லிக் டயர் (வரிப்பள்ளம் குறைந்த, பந்தயத்துக்கான டயர்). டோயோ ஆர்888ஆர், நான்காங் ஏஆர்-1 இரண்டும் இந்த அளவில் வருகின்றன. 2020-லிருந்து வெளிநாட்டுக் கார் டயர்களைக் கட்டுப்பாடில்லாமல் இறக்குமதி செய்ய முடியாது, அதனால் கிடைக்கும்போது வாங்கி வையுங்கள். டயர் பக்கவாட்டில் ட்ரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். 300, 400 என்றால் நெடுநாள் உழைக்கும் டயர். 100-ஐ ஒட்டியிருந்தால் மென்மையான ரப்பர், நமக்கு வேண்டியது அதுதான். மழை ரோட்டில் அதை ஓட்டாதீர்கள். டிக்கியில் போட்டுக்கொண்டு போய் அங்கே மாற்றி, திரும்பும்போது பழைய டயரை மாட்டிக்கொண்டு வாருங்கள்.

இந்த டயர் சுற்றளவில் சிறியது. உங்கள் காரில் இப்போது 16 அங்குல வீல் இருந்தால் கியர் எல்லாமே 7 சதவீதம் குறுகியது போல ஆகிவிடும். கிளம்ப நல்லது, ஆனால் கியரை முன்னைவிடச் சீக்கிரம் மாற்ற வேண்டிவரும்.

காற்று விஷயத்தில் பொறுமை வேண்டும். முன்டயரில் 28-ல் தொடங்கி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 2 பிஎஸ்ஐ குறைத்து நேரத்தைக் குறித்து வாருங்கள். எங்கே நேரம் குறைவது நிற்கிறதோ அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். 22-க்குக் கீழே போக வேண்டாம், கடைசி நூறு மீட்டரில் ஸ்டியரிங் தளும்பும். பின்னால் 38, 40 இருக்கட்டும். வீட்டுக்குக் கிளம்பும் முன் எல்லாவற்றையும் பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

அடுத்து ஒரு சின்னச் சாமான். என்ஜினுக்குக் கீழே, கியர்பாக்ஸை சப்ஃப்ரேமோடு பிடித்திருக்கும் ஒரு மவுண்ட் உண்டு, பார்க்க நாய்க்கு வாங்கும் எலும்பு பொம்மை போல இருக்கும். அதிலுள்ள ரப்பரில் பெரிய ஓட்டைகள் விட்டிருப்பார்கள், அதிர்வு உள்ளே வராமல் இருக்க. வேகமாகக் கிளம்பும்போது என்ஜின் அந்த ஓட்டைகளுக்குள் முன்னும் பின்னும் ஆடும், சக்கரம் தரையில் தத்தித் தத்திக் குதிக்கும். டாஷ்போர்டே உதறும் அந்த அடி ஒவ்வொன்றும் டிரைவ்ஷாஃப்ட்டில்தான் விழுகிறது. அந்த ஓட்டைகளை அடைக்கும் பாலியூரித்தேன் புஷ் ஒன்று விற்கிறார்கள். பெரிய செலவில்லை. நிற்கும்போது ஸ்டியரிங்கில் கொஞ்சம் அதிர்வு தெரியும், தினமும் ஓட்டும் காரில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எடையைக் குறைக்கக் காசே தேவையில்லை. ஸ்டெப்னி, ஜாக்கி, பின் சீட், 30 லிட்டர் பெட்ரோல், டிக்கியில் கிடக்கும் பொருட்கள் எல்லாம் சேர்ந்தால் 50 கிலோவுக்கு மேல் வரும். மேலே சொன்ன கணக்கில் போட்டுப் பாருங்கள், 50 கிலோ குறைந்தால் 0.2 விநாடி கிடைக்கிறது. கழற்றுவதெல்லாம் பின்பக்கத்து எடை என்பதால் முன்சக்கரத்தின் பங்கும் கூடுகிறது.

கிளட்ச்தான் உங்கள் காரில் அடுத்துக் கைவிடப்போகும் பாகம். 175 நியூட்டன் மீட்டருக்குச் செய்த பிளேட்டில் இப்போதே அதைவிட நிறைய டார்க் ஓடுகிறது. டைனோவில் ஐந்தாவது கியரில் 3,000 ஆர்பிஎம்மிலிருந்து முழுதாக மிதிக்கச் சொல்லுங்கள். ஆர்பிஎம் முள் துள்ளி ஏறி, வேகம் அதே அளவு ஏறவில்லை என்றால் பிளேட் வழுக்குகிறது. பழைய பேப்பரை எரித்த மாதிரி வாசனையும் வரும். பலமான பிளேட், பிரஷர் பிளேட் செட் போடுங்கள். ரொம்பக் கடினமான ரேஸ் கிளட்சை எடுக்காதீர்கள், அவிநாசி ரோடு நெரிசலில் இடது கால் போய்விடும்.

இந்த என்ஜினின் தனிக்குணம் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டது. அதனால் "ஹெட்டர் (தனி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட்) மாற்றித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அவருக்கு இந்த என்ஜின் தெரியாது என்று அர்த்தம். டர்போ அழுத்திய சூடான காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலரும் முன் பம்பருக்குப் பின்னால் இல்லை. இன்டேக் மேனிஃபோல்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது, அதைக் குளிர வைப்பது தண்ணீர். அந்தக் கூலன்ட்டுக்கு என்று தனிச் சுற்று, தனி பம்ப். ஒரு ஓட்டத்துக்கு இது அருமையாக வேலை செய்யும். வரிசையில் நின்று நின்று மூன்றாவது முறை ஓடும்போது கதை வேறு. நண்பர் ஒருவரின் காரில் ஒரு மே மாத மதியம் அளந்து பார்த்திருக்கிறேன். முதல் ஓட்டத்தில் 46 டிகிரியாக இருந்த இன்டேக் காற்று மூன்றாவதில் 71. என்ஜின் கம்ப்யூட்டரான ஈசியு இக்னிஷனைப் பின்னுக்கு இழுத்து, தீப்பொறியைத் தாமதமாக்கிவிட்டது, நேரம் 0.4 விநாடி கூடிவிட்டது. அன்று அவர் குறை சொன்னது டர்போவை. பானட்டைத் திறந்து, மேனிஃபோல்டின் மேல் ஐஸ் மூட்டையை வைத்து இருபது நிமிடம் விட்டோம். பழைய நேரம் திரும்பி வந்தது.

காரின் கம்ப்யூட்டர் எண்களைப் படிக்கும் ஓபிடி கருவி ஒன்றைச் சொருகி நான்கைந்து எண்களைப் பதிவு செய்யுங்கள்: இன்டேக் வெப்பம், ஈசியு கேட்ட பூஸ்ட்டும் (டர்போ அழுத்தம்) கிடைத்த பூஸ்ட்டும், லாம்டா (காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதம்), ஒவ்வொரு சிலிண்டரிலும் ஈசியு எவ்வளவு இக்னிஷன் டைமிங் குறைக்கிறது என்பது. ஏதாவது ஒரு சிலிண்டரில் தொடர்ந்து 4 டிகிரிக்கு மேல் குறைத்தால் அன்றைக்கு ஓட்டுவதை நிறுத்துங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வெள்ளைப் பீங்கானைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகளோ, மின்னும் அலுமினியத் துளிகளோ தெரிந்தால் அது நாக்கிங், அதாவது கலவை சீராக எரியாமல் வெடிப்பது. அந்த அலுமினியம் உங்கள் பிஸ்டனிலிருந்து வந்தது. பெட்ரோலை உயர் ஆக்டேனுக்கு மாற்றி, ட்யூனரிடம் பதிவைக் காட்டுங்கள். 1 லிட்டர் நேரடி ஊசி டர்போ என்ஜினில் குறைந்த ஆர்பிஎம்மில் பெரிய கியர் போட்டு முழுதாக மிதிப்பதும் ஆபத்து. எரிய வேண்டிய நேரத்துக்கு முன்பே கலவை தானாகப் பற்றி, ஒரே அடியில் பிஸ்டனை உடைக்கும். இதைக் கட்டுப்படுத்தவும் உதவும் ஏபிஐ எஸ்பி என்ற ஆயில் தரம் 2020-ல் வந்தது. போலோவுக்குக் கம்பெனி சொல்லும் தரத்தோடு டப்பாவில் அந்த எழுத்தும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஓட்டும் முறைக்கு வருவோம். டிராக்ஷன் கன்ட்ரோலை அணைத்துவிட்டு 2,500-ல் தொடங்கிப் பாருங்கள், 3,000-க்கு மேல் தேவைப்படாது. கிளட்சைச் சட்டென்று விடாமல், கடிக்கும் இடத்தில் அரை விநாடி பிடித்து விடுங்கள். முதல் கியரில் மட்டும் டார்க்கைக் குறைக்கும்படி மேப்பில் மாற்ற முடியுமா என்று ட்யூனரிடம் கேளுங்கள், அந்த ஒரு மாற்றம் காசுக்கு மேல் பலன் தரும். கியர் மாற்றுவதில் பலரும் சிவப்புக் கோடு வரை இழுக்கிறார்கள். இந்தச் சின்ன டர்போ 5,500-க்கு மேல் மூச்சு வாங்கும். உங்கள் டைனோ கிராஃபில் பவர் எங்கே சரியத் தொடங்குகிறதோ, அதைத் தாண்டி 200, 300 ஆர்பிஎம்மில் மாற்றிவிடுங்கள்.

சட்டம் பற்றியும் சொல்லியாக வேண்டும். வண்டியின் அடிப்படை அமைப்பைக் கம்பெனி விவரத்துக்கு மாறாக மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாத டவுன்பைப் (டர்போவிலிருந்து வரும் புகைக்குழாய்) எல்லாம் தினமும் ஓட்டும் காரில் வேண்டவே வேண்டாம். பொது ரோட்டில் பந்தயம் ஓட்டினால் 189-வது பிரிவில் முதல் முறையே மூன்று மாதச் சிறை வரை உண்டு. அதைவிட, அந்த ரோட்டில் பால்காரரும் வருவார், பள்ளிக்கூட வேனும் வரும். பந்தயத்தில் நடந்த சேதத்துக்கு சாதாரண இன்சூரன்ஸ் பணம் தராது என்பதையும் வீட்டில் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

நல்லவேளையாக, உங்களுக்கு ரோடு தேவையே இல்லை. ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் ரேஸ் என்றால் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளம்தான். இன்றைக்குச் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் இருக்கிறது, உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. இந்திய மோட்டார் பந்தய அமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் உரிமத்துக்கு விண்ணப்பித்துவிட்டு, போகப்போகும் போட்டியின் விதிப்புத்தகத்தை வாங்கிப் படியுங்கள். சர்வதேச விதிகளில் டர்போ பெட்ரோல் என்ஜினின் கொள்ளளவை 1.7-ஆல் பெருக்குவார்கள், அப்படிப் பார்த்தால் உங்கள் 999 சிசி 1,698 ஆகிவிடும். உங்கள் போட்டியில் எந்த வகுப்பு, பெரிய டர்போ போட்டால் எந்த வகுப்புக்குத் தள்ளுவார்கள் என்பதைக் காசு செலவழிக்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

டயர், மவுண்ட், கிளட்ச், பிளக், ஆயில் எல்லாம் முடித்தாலும் உங்கள் 3 லட்சத்தில் நல்ல பங்கு மிச்சமிருக்கும். அதில் ஒரு மெக்கானிக்கல் எல்எஸ்டிக்கு (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல்) எடுத்து வையுங்கள், கியர்பாக்ஸை எப்போதாவது இறக்கினால் அப்போது போட்டுவிடலாம். ஒரு சீசன் ஓட்டி, ஒவ்வொரு ஓட்டத்தின் 60 அடி நேரத்தையும் நோட்டில் எழுதி வாருங்கள். அது பத்து முறை தொடர்ந்து 2.2-க்குள் வந்த பிறகும் டர்போ வேண்டும் என்று தோன்றினால், அந்த நோட்டோடு திரும்ப எழுதுங்கள். எந்த டர்போ என்று அப்போது உட்கார்ந்து பார்ப்போம்.