மனசு எங்கேயோ: ‘ப்ரீஆக்யுபைட்’ படும் பாடு

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை அலுவலகக் கூட்டத்துக்கு வர முடியாது என்பதற்கு, ‘ஐ ஆம் ப்ரீஆக்யுபைட் ஆன் சண்டே’ என்று மேலாளருக்கு எழுதினேன். ‘ஏதாவது பிரச்சினையா?’ என்று கேட்டுப் பதில் வந்தது. எங்கே தப்பு?
*– வாசகர், ஈரோடு*

பதில்: மேலாளர் மேல் தப்பில்லை. ‘ஞாயிற்றுக்கிழமை எனக்கு மனசு சரியிருக்காது, ஏதோ யோசனையிலேயே இருப்பேன்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

‘ப்ரீ’ என்றால் முன்பே, ‘ஆக்யுபைட்’ என்றால் இடம் பிடித்தாகிவிட்டது. ஆகவே ‘முன்பே வேறு வேலை இருக்கிறது’ என்று நம் ஊரில் பலர் இதைப் பிரித்துப் பொருள் கொள்கிறார்கள். வேரைப் பார்த்தால் நியாயம்தான். லத்தீனில் முந்திக்கொண்டு பிடிப்பது என்றுதான் பொருள். ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் அது பிடிக்கும் இடம் மனசு மட்டுமே. நாள், நாற்காலி, கல்யாண மண்டபம் எதையும் இந்தச் சொல் பிடிக்காது.

நீங்கள் எழுதியிருக்க வேண்டியது: ‘ஐ ஹாவ் எ ப்ரையர் எங்கேஜ்மென்ட் ஆன் சண்டே’. இவ்வளவு விறைப்பு வேண்டாம் என்றால், ‘ஐ ஆம் நாட் ஃப்ரீ ஆன் சண்டே’ போதும். பேருந்தில் துண்டு போட்ட இருக்கைக்கு ‘திஸ் சீட் இஸ் டேக்கன்’. விமானக் கழிப்பறைக் கதவில் சிவப்பாகத் தெரிவது வெறும் ‘ஆக்யுபைட்’.

பழைய பொருள் உயிரோடிருக்கும் இடம் ஒன்று உண்டு: விலங்கியல். 1969-ல் ஒரு டைனோசருக்குச் சின்டார்சஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் நூறு வருடம் முன்பே ஒரு வண்டுக்குப் போயிருந்தது. ஆக, பெயர் ‘ப்ரீஆக்யுபைட்’. 2001-ல் டைனோசருக்கு மெகாப்னோசாரஸ் என்று மாற்றுப்பெயர் வைக்கப்பட்டது. மாற்றியவர்கள் வண்டு ஆராய்ச்சிக்காரர்கள் என்பது கூடுதல் வேடிக்கை.

கேள்வி: டிஸ்ட்ராக்டட், அப்சார்ப்ட், எங்க்ரோஸ்ட், ஆப்சென்ட்-மைண்டட், ப்ரீஆக்யுபைட். எல்லாமே ‘கவனம் இல்லை’தானே? ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் என்ன?
*– கல்லூரி மாணவி, திருநெல்வேலி*

பதில்: அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. ஒருவர் பக்கத்திலேயே நின்றும் கவனிக்கவில்லை. ஏன் என்று கேளுங்கள். காரணம் மாற மாற அடைமொழியும் மாறும்.

வாசலில் காய்கறி வண்டிக்காரர் குரல் கேட்டது, தலை அந்தப் பக்கம் திரும்பியது, பால் போயிற்று. இது டிஸ்ட்ராக்டட். வெளியிலிருந்து ஒன்று வந்து கவனத்தை இழுத்தது. நம் ‘பராக்குப் பார்ப்பது’ கிட்டத்தட்ட இதுதான்.

கையில் ஒரு துப்பறியும் நாவல், கடைசி இருபது பக்கம், கொலைகாரன் யார் என்று தெரியப் போகிறது. இது அப்சார்ப்ட் அல்லது எங்க்ரோஸ்ட். மனசு விரும்பிப் போய் மூழ்கியது. தமிழில் மெய்மறந்து என்போம். இரண்டில் எங்க்ரோஸ்ட் ஒரு பிடி கூடுதல் அழுத்தம், அவ்வளவுதான்.

கண் பாலையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் நாளைக்குக் கட்ட வேண்டிய கடன் தவணைக்கு யாரிடம் கேட்பது என்ற கணக்கு உள்ளே ஓடுகிறது. பால் பொங்குவது கண்ணில் படுகிறது, மண்டைக்கு ஏறவில்லை. இதுதான் ப்ரீஆக்யுபைட். எதிரே புத்தகமும் இல்லை, வெளியே சத்தமும் இல்லை. ஏற்கெனவே உள்ளே குடியேறிய ஒன்று இடம் விடமாட்டேன் என்கிறது. பெரும்பாலும் கவலை, ஆனால் கவலையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மகள் கல்யாண வேலை பற்றிய நினைப்புக்கும் இதே சொல்தான்.

வாரத்துக்கு மூன்று நாள் இவர் பாலை இப்படித்தான் விடுகிறார், மூக்குக்கண்ணாடியையும் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறார் என்றால் ஆப்சென்ட்-மைண்டட். மற்றவை அப்போதைய நிலை. இது பெரும்பாலும் சுபாவம்.

ஓர் எச்சரிக்கை. நூறு, இருநூறு ஆண்டு பழைய ஆங்கிலப் புத்தகங்களில் ‘டிஸ்ட்ராக்டட் வித் க்ரீஃப்’ என்று வந்தால் கவனம் சிதறியது என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். அங்கே அது துக்கத்தில் புத்தி பேதலித்த நிலை.

கேள்வி: ‘ப்ரீஆக்யுபைட்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘வித்’ வருமா, ‘இன்’ வருமா, ‘அபவுட்’ வருமா?
*– வாசகர், மதுரை*

பதில்: ‘வித்’. சந்தேகம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ‘வித்’ போடுங்கள். ‘ஷி இஸ் ப்ரீஆக்யுபைட் வித் ஹெர் எக்ஸாம்ஸ்.’ வினை வந்தால் ‘இங்’ சேரும்: ‘ப்ரீஆக்யுபைட் வித் ஃபைண்டிங் எ ஜாப்’. ‘பை’ போடுவதும் உண்டு, தப்பில்லை.

‘இன்’ நுழைவது அப்சார்ப்ட், எங்க்ரோஸ்ட் இரண்டின் பழக்கத்தால். அவைதான் ‘இன்’ கேட்கும். ‘அபவுட்’ என்பது ‘வரீட்’ என்ற சொல்லின் துணை. தமிழில் ‘பற்றி’ என்று யோசித்துக்கொண்டு எழுதினால் அது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

‘ப்ரீஆக்யுபைட் டு ஃபைண்ட் எ ஜாப்’ என்பது தவறு. ஆனால் ‘டூ ப்ரீஆக்யுபைட் டு நோட்டிஸ்’ சரி. கவனிக்க முடியாத அளவுக்கு யோசனையில் இருந்தார் என்று பொருள். அந்த ‘டு’வை அழைத்து வந்தது முன்னால் நிற்கும் ‘டூ’.

கேள்வி: ‘எ ப்ரீஆக்யுபைட் ஸ்மைல்’ என்று ஒரு கதையில் வருகிறது. தமிழில் எப்படிச் சொல்வது?
*– மொழிபெயர்ப்பாளர், புதுச்சேரி*

பதில்: அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு ‘முன்னீடுபாட்டுப் புன்னகை’ என்று எழுதிவிடாதீர்கள். ஆங்கிலம் அடைமொழியில் அடக்குவதைத் தமிழ் வினையில் சொல்லும். ‘ஏதோ நினைப்பில் சிரித்தாள்’ போதும். இடத்துக்குத் தக்கபடி, ‘சிரித்தாள், மனசு அங்கே இல்லை’ என்று இரண்டாக உடைக்கலாம். பார்வை, முகம், மௌனம் ஆகியவற்றுக்கு முன்னாலும் இந்த அடைமொழி வரும், அங்கேயும் இதே வழிதான்.

கேள்வி: உச்சரிப்பும் எழுத்தும் சொல்லுங்கள்.
*– வாசகி, கோவை*

பதில்: நாம் ‘ஆக்குபைட்’ என்கிறோம். ‘கு’ இல்லை, ‘க்யு’. அழுத்தம் இரண்டாவது அசையான ‘ஆக்’ மேல். எழுத்தில் (preoccupied) ‘சி’ இரண்டு, ‘பி’ நடுவில் ஒன்றுதான். ‘பி’யை இரட்டிப்பவர்களும் ‘சி’யை ஒற்றையாக்குபவர்களும் இருக்கிறார்கள். நடுவில் சிறுகோடு வேண்டாம். கோடு போட்டால் ஈரோட்டு வாசகர் மாதிரி ‘முன்பே’ என்று பிரித்துப் படிக்கத் தோன்றும்.

கேள்வி: எதிரே இருப்பவரிடமே ‘யூ ஆர் ப்ரீஆக்யுபைட்’ என்று சொல்லலாமா? மரியாதைக் குறைவா?
*– வாசகர், வேலூர்*

பதில்: ‘ஆர்’ என்பதை ‘சீம்’ ஆக்குங்கள். ‘யூ சீம் ப்ரீஆக்யுபைட்’ என்றால் ‘என்ன, ஏதோ யோசனையில இருக்கீங்க போலிருக்கே’ என்ற தொனி வந்துவிடும். கேட்பவர் மனம் விட்டுப் பேச வழி உண்டு. அதே இடத்தில் ‘யூ ஆர் டிஸ்ட்ராக்டட்’ என்றால், வேலையில் கவனம் இல்லை என்று கண்டிப்பது போல விழும். உங்கள் பக்கம் தாமதமோ மறதியோ நேர்ந்தால், ‘சாரி, ஐ ஹாவ் பீன் எ பிட் ப்ரீஆக்யுபைட் லேட்லி’ என்று எழுதலாம். என்ன யோசனை என்று விளக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் யாரும் துருவ மாட்டார்கள்.