ஏசி அறையில் கொசுவத்தி ஏற்றலாமா?

கேள்வி: ராத்திரி ஏசி போட்டு ஜன்னல், கதவு எல்லாம் அடைத்துவிடுவோம். கொசுவுக்கு மூலையில் ஒரு கொசுவத்தி. ஆறு வயது மகன் காலையில் எழுந்ததும் இருமுகிறான். ஏர் ப்யூரிஃபையர் வாங்கினால் சரியாகுமா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: வாங்குவது அப்புறம். முதலில் அந்தக் கொசுவத்தியை நிறுத்துங்கள். அந்தச் சுருளில் மருந்து துளிதான், மற்றதெல்லாம் மரத்தூள், தேங்காய் ஓட்டுத்தூள் மாதிரியான சரக்கு, அதுதான் மணிக்கணக்கில் கனன்று புகைகிறது. சீன, மலேசியச் சுருள்களை எரித்துப் பார்த்து 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரே சுருளிலிருந்து வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்றது. வீட்டில் யாராவது படுக்கையறையில் ஒரு சிகரெட் பிடித்தால் விடுவீர்களா?

ஏசி ஓடுகிறதே, காற்று மாறும் என்று பலரும் நினைக்கிறார்கள். மாறாது. சாதாரண ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கும், வெளியே மாட்டியிருக்கும் பெட்டி சூட்டை மட்டும்தான் வெளியே தள்ளும், அதனால் புகை அறைக்குள்ளேயேதான் நிற்கும். ஹெப்பா ஃபில்டர் உள்ள ப்யூரிஃபையர் துகளைப் பிடிக்கும், ஆனால் அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

ஜன்னலுக்கு வலை அடியுங்கள், கட்டிலுக்குக் கொசுவலை கட்டுங்கள். செலவும் குறைவு. லிக்விட் மெஷினில் புகை இல்லை, சரி, ஆனால் அதன் மருந்தையும் சுவாசிக்கத்தானே செய்கிறோம், அடைத்த அறையில் விடியவிடிய ஓடவிட வேண்டாம். சாம்பிராணி, ஊதுபத்தி ஏற்றினால் ஜன்னலைத் திறந்துவையுங்கள் (மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லிக்கொள்ளுங்கள்). இத்தனைக்குப் பிறகும் இருமல் நிற்கவில்லை, அல்லது மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம் கேட்கிறது என்றால் தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், ஆஸ்துமாவாகவும் இருக்கலாம்.

கேள்வி: ஸ்நேக் பிளான்ட் வைத்தால் வீட்டுக் காற்று சுத்தமாகும், நாசாவே சொல்லியிருக்கிறது என்கிறார்களே?
– வாசகர், மதுரை

பதில்: நாசா 1989-ல் சோதித்தது காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள். வீடு அப்படியா இருக்கிறது? 2019-ல் இப்படிப்பட்ட பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டவர்கள், சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடி செய்ய வேண்டுமானால் சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வேண்டும் என்றார்கள். பத்து என்றே வைத்துக்கொண்டாலும் கட்டிலை எங்கே போடுவது? அழகுக்கு வையுங்கள், தட்டில் மட்டும் தண்ணீர் தேங்கவிடாதீர்கள்.