ஸ்க்ரூவைத் திறந்தும் கேஸ் போதவில்லையா?

கேள்வி: என் ஏஆர்-15 ரைபிளில் அட்ஜஸ்டபிள் கேஸ் பிளாக் (சுடும்போது பேரலிலிருந்து வந்து ரைபிளை இயக்கும் கேஸை ஒரு ஸ்க்ரூவால் கூட்டிக் குறைக்கும் பாகம்) போட்டேன். ஆரம்பத்தில் நன்றாக ஓடியது. இப்போது கடைசித் தோட்டா சுட்டபின் போல்ட் (தோட்டாவுக்குப் பின்னால் அடைத்து நிற்கும் பாகம்) பின்னால் பூட்டிக்கொள்வதில்லை. காலிக் கூடுகள் வலுவில்லாமல் பின்பக்கமாக விழுகின்றன. ஸ்க்ரூவை எவ்வளவு திறந்தாலும் அதே கதைதான். பிளாக்கையே மாற்றிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். கேஸ் போதாமல், போல்ட்டைச் சுமந்து ஓடும் போல்ட் கேரியர் முழுத் தூரம் போகாமல் திரும்புகிறது, அது சரி. கூடுகள் நன்றாகத் தெறித்து, போல்ட் மட்டும் பூட்டாமல் இருந்தால் மேகசின் (தோட்டாப் பெட்டி) மீது சந்தேகப்படலாம். உங்கள் விஷயம் அது இல்லை. என்னை யோசிக்க வைப்பது ‘எவ்வளவு திறந்தாலும்’ என்ற வார்த்தைதான். ஸ்க்ரூ வேலை செய்தால், திறக்கத் திறக்க ஏதாவது மாறியே ஆக வேண்டும்.

அதனால் முதலில் எதிர்த் திசையில் சோதியுங்கள். மேகசினைக் கழற்றி, சேம்பர் (பேரலில் தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, பிளாக் ஆறிய பிறகே சாவியை வையுங்கள். ஸ்க்ரூவை நன்றாக மூடிவிட்டு, ஒரே ஒரு தோட்டாவைச் சுடுங்கள். கூடு வெளியே வராமல் நின்றாலோ, முன்பைவிட மந்தமாக விழுந்தாலோ ஸ்க்ரூ கேஸைக் கட்டுப்படுத்துகிறது. கேஸ் வேறெங்கோ வீணாகிறது. ஒரு மாற்றமும் இல்லையென்றால் கோளாறு ஸ்க்ரூவில்தான்.

ஸ்க்ரூவில் என்றால் பெரும்பாலும் கார்பன்தான் காரணம். மரையிலும், ‘டிக்’ என்று நிறுத்தும் ஸ்பிரிங்குக்கு அடியிலும் கரி இறுகிவிடும். திருகும்போது டிக் உணர்வு மங்கியிருந்தால் அதுவே அடையாளம். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவிடுங்கள். பிறகு சரியான அளவு ஆலன் சாவியால் முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். பலத்தைக் காட்டினால் அறுகோணப் பள்ளம் உருண்டுவிடும், அப்புறம் தலைவலிதான். வெளியே எடுத்ததும் முனையைப் பாருங்கள். அரித்துப் போயிருந்தால் ஸ்க்ரூவை மட்டும் மாற்றினால் போதும்.

ஸ்க்ரூ சரியாக இருந்தால் பிளாக் பொருந்திய விதத்தைப் பார்க்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பிளாக்கைப் பேரலின் தோள் வரை ஒட்டித் தள்ளிவிட்டால் பேரலின் கேஸ் துளையும் பிளாக்கின் துளையும் நேராகிவிடும் என்று நினைக்கிறார்கள்; பல பிளாக்குகளுக்குச் சின்ன இடைவெளி தேவைப்படும். கழற்றினால் பேரல் துளையைச் சுற்றிக் கரித்தடம் இருக்கும். அது துளைக்கு நடுவாக இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பிளாக் நகர்ந்திருக்கிறது. ஆரம்பத்தில் ஓடி இப்போது நின்றுவிட்டது என்கிறீர்களே, அதற்கு இது நன்றாகவே பொருந்துகிறது. பேரலில் குழி போட்டு, பிளாக்கைப் பிடிக்கும் ஸ்க்ரூ அதில் உட்காரும்படி செய்தால் மீண்டும் நகராது. நீல நிற மரைப்பசை அங்கே வேண்டாம். சுமார் 150 டிகிரி செல்சியஸ் தாண்டினால் அதன் பிடி தளரும், பிளாக்கின் சூடு அதைச் சுலபமாகக் கடக்கும். ராக்செட் மாதிரி வெப்பம் தாங்கும் பசை போடுங்கள், ஆனால் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவில் மட்டும் ஒருபோதும் போடாதீர்கள்.

இதிலும் பிடிபடவில்லை என்றால் போல்ட் கேரியர் மேலுள்ள கேஸ் கீயை (கேஸ் கேரியருக்குள் நுழையும் குழாய்) ஆட்டிப் பாருங்கள், துளியும் அசையக்கூடாது. போல்ட்டை முன்னால் இழுத்து, கேரியரை அதன்மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். தன் எடையிலேயே கேரியர் இறங்கிவிட்டால், போல்ட்டைச் சுற்றிக் கேஸ் கசியாமல் தடுக்கும் கேஸ் ரிங்குகள் தேய்ந்துவிட்டன. கனமான பஃபர் (கேரியருக்குப் பின்னால் ஸ்பிரிங்கோடு இருக்கும் எடை) மாற்றியிருந்தால் அதுவும் கணக்கில் வரும்.

கோளாறைச் சரிசெய்த பிறகு பழைய அளவை நம்பாமல் புதிதாகச் செட் செய்யுங்கள். மூடிய நிலையில் தொடங்கி, மேகசினில் ஒரு தோட்டா மட்டும் போட்டு, ஒவ்வொரு டிக்காகத் திறந்துகொண்டே வாருங்கள். போல்ட் தொடர்ந்து பூட்டத் தொடங்கியதும் இன்னும் ஒன்றிரண்டு டிக் சேர்த்துவிடுங்கள். குளிருக்கும் அழுக்குக்கும் அந்த இடம் வேண்டும். சுடும் திசையை 12 மணி என்று வைத்தால், கூடுகள் கடிகாரத்தின் 3 முதல் 4:30 மணித் திசையில் விழுந்தால் நல்லது. நீங்கள் வாங்குவதிலேயே வலு குறைந்த தோட்டாவை வைத்துச் செட் செய்யுங்கள். சைலன்சர் மாட்டும்போது மட்டும் சில டிக் மூட வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு முறை சுத்தம் செய்யும்போதும் டிக்குகளை எண்ணிக் குறித்துக்கொண்டு, ஸ்க்ரூவை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஓட்டிவிட்டுப் பழைய இடத்தில் வையுங்கள். புது பிளாக் வாங்குவது பள்ளம் உருண்டிருந்தால் மட்டும்.