மச்சான்களின் படை

கேள்வி: பிரிட்டிஷ் பிரபுக் குடும்பங்களின் வம்சாவளியைக் கொஞ்ச காலமாகப் படித்து வருகிறேன். தாத்தா தளபதி, மகன் தளபதி, பேரனும் தளபதி. போர்க்குணம் ரத்தத்திலேயே வருகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?
- வாசகர், தென்காசி

பதில்: வேண்டும். வம்சாவளிக்குப் பக்கத்தில் விலைப்பட்டியலையும் வைத்துப் படிக்க வேண்டும்.

1871 வரை பிரிட்டனின் காலாட்படையிலும் குதிரைப்படையிலும் அதிகாரிப் பதவிகளில் பெரும்பகுதி காசுக்குத்தான் கைமாறியது. விலையை நிர்ணயித்ததே அரசுதான். 1821ஆம் ஆண்டு விலைப்படி காலாட்படையில் ஆரம்பப் பதவியான என்சைன் 450 பவுண்டு, லெப்டினன்ட் கர்னல் 4,500. குதிரைப்படை லெப்டினன்ட் கர்னல் என்றால் 6,175. இதை யாரும் மறைக்கவும் இல்லை. அரசிதழான லண்டன் கெசட்டைப் புரட்டுங்கள்: 'லெப்டினன்ட் இன்னார், ஓய்வு பெறும் இன்னாருக்குப் பதிலாக, கேப்டன் ஆகிறார், விலைக்கு' என்று வரிவரியாக இருக்கும். நீங்கள் படிக்கும் வம்சாவளிப் புத்தகத்தில் கேப்டன் இருப்பார், 'விலைக்கு' இருக்காது.

ஒரு குடும்பத்தை மட்டும் பார்ப்போம். ஏழாம் கார்டிகன் பிரபு ஜேம்ஸ் பிருடெனெல் 1824இல், 26 வயதில், குதிரைப்படையில் கடைநிலை அதிகாரியாகச் சேர்ந்தார். ஆறே வருடத்தில் லெப்டினன்ட் கர்னல். 1832இல் 15ஆவது ஹுஸார் என்ற குதிரைப் படைப்பிரிவின் தலைமையை வாங்க அவர் 35,000 பவுண்டுக்கு மேல் கொடுத்தார் என்று பேச்சு. அங்கே தனக்குக் கீழிருந்த ஒரு கேப்டனை ராணுவ நீதிமன்றத்தில் ஏற்றினார். கேப்டன் விடுதலையானார், 1834இல் பிருடெனெலின் தலைமை பறிபோனது. சாதாரண வீட்டுப் பிள்ளைக்கு அதோடு கதை முடிந்திருக்கும். இவருக்கு 1836இல் 11ஆவது லைட் டிரகூன் என்ற இன்னொரு குதிரைப் படைப்பிரிவு கிடைத்தது.

எப்படிக் கிடைத்தது என்று தெரிய வம்சாவளிதான் உதவும். ஆனால் தகப்பன், மகன் வரிசையில் தேடாதீர்கள். பொடி எழுத்தில் பெண்பிள்ளைகளைப் போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். தங்கை ஹாரியட் வாழ்க்கைப்பட்டது ஹோ பிரபுவுக்கு. அவர் அரசி அடிலெய்டின் அரண்மனையில் உயர்ந்த பதவியில் இருந்தவர். சம்பந்தம் எங்கெல்லாம் கதவு திறக்கும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த 11ஆவது படைப்பிரிவு பல வருடம் இந்தியாவில் இருந்தது. அங்கே வெயிலில் காய்ந்து, வேலை தெரிந்து திரும்பிய அதிகாரிகளை கார்டிகனுக்குக் கண்டாலே ஆகாது. 1840இல் கேன்டர்பரியில் ஒரு விருந்து. கேப்டன் ஜான் ரெனால்ட்ஸ் தன் விருந்தாளிக்கு மொசெல் ஒயின் கொண்டுவரச் சொன்னார். அது கண்ணாடிக் குடுவைக்கு மாறாமல் கறுப்புப் பாட்டிலிலேயே மேசைக்கு வந்துவிட்டது. போர்ட்டர் பீர் என்று நினைத்த கார்டிகன் கொதித்துப்போனார். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் குடிக்கும் மட்டமான சரக்கு தன் மேசையில் வரலாமா? ரெனால்ட்ஸைக் காவலில் வைத்தார். ஒரு பாட்டிலுக்காக! இதில் எந்தப் போர்க்குணத்தைக் கண்டீர்கள்?

அப்புறம் 1854 அக்டோபர் 25, ரஷ்யாவோடு நடந்த கிரீமியப் போரின் பாலக்லாவா களம். குதிரைப்படை முழுவதற்கும் தலைவர் லூக்கன் பிரபு, அவருக்குக் கீழே லைட் பிரிகேடு என்ற இலகு குதிரைப்படைப் பகுதிக்கு கார்டிகன். இந்த லூக்கன், கார்டிகனின் இன்னொரு தங்கை ஆனைக் கட்டியவர். மச்சான்கள் இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. மேலிருந்து வந்த குழப்பமான உத்தரவை இருவரும் உட்கார்ந்து தெளிவாக்கிக்கொள்ளவில்லை. சுமார் 670 பேர் பீரங்கிகளை நோக்கிக் குதிரையை விட்டார்கள். 100 பேருக்கு மேல் மாண்டார்கள். கார்டிகன் உயிரோடு திரும்பினார்.

அதே நாள் அதே களத்தில் 93ஆவது ஹைலாண்டர் என்ற ஸ்காட்லாந்துக் காலாட்படையை வைத்துக்கொண்டு ரஷ்யக் குதிரைப்படையைத் தடுத்தவர் காலின் கேம்பல். கிளாஸ்கோ தச்சர் ஒருவரின் மகன். 1808இல் பட்டாளத்தில் சேர்ந்தவர் லெப்டினன்ட் கர்னல் ஆனது 1832இல். கார்டிகனுக்கு ஆறு வருடம், இவருக்கு 24. ரத்தம் பேசும் என்றால் அது யாருடைய ரத்தம்?

சரி, தேடுவதை விடச் சொல்லவில்லை, நன்றாகத் தேடுங்கள் என்கிறேன். ஜான் பர்க் 1826இல் தொடங்கிய பிரபுக்கள் அகராதியை மட்டும் நம்ப வேண்டாம். குடும்பங்கள் சொன்ன கட்டுக்கதைகளை அப்படியே அச்சிடுகிறது என்று வரலாற்றாசிரியர் ஃப்ரீமன் 1877லேயே அதை விளாசியிருக்கிறார். கெசட்டும், ஸ்காட்லாந்து தேசிய நூலகம் ஏற்றிவைத்திருக்கும் பழைய ராணுவப் பட்டியல்களும் இணையத்தில் இலவசம். பெயரில்தான் ஏமாந்துவிடக் கூடாது. 1837க்கு முன் கார்டிகன் என்று தேடினால் கிடைப்பது அவருடைய அப்பா. மகனுக்கு அப்போது பிருடெனெல் பிரபு என்று பெயர். லூக்கன் 1839 வரை பிங்கம் பிரபு. கிரீமியாவில் இவர்களுக்கெல்லாம் மேலே தலைமைத் தளபதியாக இருந்த ராக்லன் 1852 வரை ஃபிட்ஸ்ராய் சாமர்செட். அவர் மனைவி, வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டனின் அண்ணன் மகள்; அங்கிருந்தே தொடங்கலாம்.