லீஸ் நீட்டிப்பு: 80 ஆண்டுக் கோட்டுக்கு முன்பே நோட்டீஸ் கொடுங்கள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் லீஸ்ஹோல்ட் (குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் உரிமை தரும்) ஃபிளாட் வைத்திருப்பவர்களின் கேள்விகளுக்கு மட்டுமே இங்கே பதில். ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு. அங்கிருந்து கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: அண்ணா, ஹாரோவில் எங்கள் ஃபிளாட்டின் லீஸில் 81 ஆண்டுகளுக்குச் சற்று மேல் மிச்சம் இருக்கிறது. புதிய சட்டம் வந்தால் செலவு குறையும் என்கிறார்கள். காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்காதீர்கள், தம்பி. 2024 மே மாதம் நிறைவேறிய சட்டம் 990 ஆண்டு நீட்டிப்பைத் தருவதும், 80 ஆண்டுக்குக் கீழே போன லீஸுக்குக் கூடுதலாகக் கட்ட வேண்டிய ‘மேரேஜ் வேல்யூ’வை ஒழிப்பதும் உண்மைதான். அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போன ஃப்ரீஹோல்டர்கள் (கட்டடத்தின் நிரந்தர உரிமையாளர்கள்) 2025 அக்டோபரில் தோற்றும்விட்டார்கள். ஆனால் அந்தப் பிரிவுகள் நடைமுறைக்கு வர அரசு தனி ஆணை போட வேண்டும். அதுவரை 1993ஆம் ஆண்டுச் சட்டம்தான். அது மிச்சமுள்ள காலத்தோடு 90 ஆண்டுகளைச் சேர்த்துத் தரும். ஃப்ரீஹோல்டருக்கு ஆண்டுதோறும் கட்டும் கிரவுண்ட் ரென்ட்டும் இல்லாமல் போகும்.

காத்திருப்பதன் விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நீண்ட லீஸ் இருந்தால் உங்கள் ஃபிளாட் 4,00,000 பவுண்டு போகும், கிரவுண்ட் ரென்ட் ஆண்டுக்கு 100 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். லீஸ் முடிந்து ஃபிளாட் தன் கைக்குத் திரும்பும் உரிமையை ஃப்ரீஹோல்டர் தள்ளிப்போடுகிறார் அல்லவா, அதன் இன்றைய மதிப்பை வழக்கமாக 5 சதவீத விகிதத்தில் கழித்துப் பார்ப்பார்கள். 81 ஆண்டு மிச்சமிருந்தால் அது சுமார் 7,700 பவுண்டு. இழக்கும் வாடகைக்கு 1,500 போட்டால் மொத்தம் 9,200.

இப்போது 75 ஆண்டு மட்டும் மிச்சம் என்று கொள்ளுங்கள். அதே கணக்கில் 11,800 வரும். அதோடு முடியாது. 80க்குக் கீழே போனதும் மேரேஜ் வேல்யூ நுழைகிறது. லீஸ் நீண்டதால் பிறக்கும் கூடுதல் மதிப்பில் பாதி ஃப்ரீஹோல்டருக்கு. குறுகிய லீஸோடு அந்த ஃபிளாட் 3,65,000 பெறும் என்றால், 35,000 வித்தியாசத்தில் மேலே சொன்ன 11,800ஐக் கழித்த பிறகு, அந்தப் பாதி மட்டும் 11,500ஐத் தாண்டும். மொத்தச் செலவு 23,000க்கு மேல். நீட்டிப்பு முடியும் நாளைப் பார்த்து இந்தக் கணக்கைப் போடுவதில்லை. நீட்டிப்புக் கேட்டு ஃப்ரீஹோல்டருக்கு நோட்டீஸ் கொடுக்கும் நாள்தான் கணக்கு. ஆகவே கோட்டைத் தாண்டும் முன் நோட்டீஸ் போய்விட்டால் போதும், பேரம் பிறகு எத்தனை மாதம் இழுத்தாலும் சரி.

கேள்வி: ஈஸ்ட் ஹாமில் 2003இல் வாங்கினோம். பத்திரத்தில் 99 ஆண்டு என்று இருக்கிறது. அப்படியானால் இன்னும் 70க்கு மேல் இருக்கும்தானே, ஐயா?

பதில்: நீங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ணக் கூடாது, அம்மா. லீஸ் முதன்முதலில் தொடங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டும். ‘1988 ஜூன் 24 முதல் 99 ஆண்டுகள்’ என்று இருந்தால் 2087இல் முடிகிறது. லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் 7 பவுண்டு கட்டினால் பதிவேட்டின் நகல் கிடைக்கும். தொடங்கும் தேதி அதில் இருக்கும். இன்றே எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: 90 ஆண்டெல்லாம் வேண்டாம், நேரடியாகப் பேசி 125 ஆண்டாக்கித் தருகிறோம், வக்கீல் செலவு மிச்சம் என்று ஃப்ரீஹோல்டர் கடிதம் போட்டிருக்கிறார். நல்லதுதானே?

பதில்: கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படித்தீர்களா? இப்படிப்பட்ட கடிதங்களில் விலை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும், கிரவுண்ட் ரென்ட் பின்னால் ஒளிந்திருக்கும். 2022 ஜூன் 30க்குப் பிறகு செய்யப்படும் இத்தகைய ஒப்பந்தத்தில் புதிதாகச் சேரும் ஆண்டுகளுக்கு வாடகை கேட்க முடியாது. பழைய லீஸின் மிச்சக் காலத்துக்குப் பழைய வாடகையைத் தொடரலாம். 25 ஆண்டுக்கொருமுறை இரட்டிப்பாகும் நிபந்தனை அதில் இருந்தால் அதுவும் தொடரும். சட்டப்படி போனால் அந்தச் சுமையே இல்லை. மேலும் வாய்ப்பேச்சை அவர் எந்த நிமிடமும் முறித்துக்கொள்ளலாம், உங்கள் லீஸ் மட்டும் தேய்ந்துகொண்டே இருக்கும். கடிதத்தில் உள்ள தொகையையும் சட்டப்படி வரும் தொகையையும் சொத்து மதிப்பிடும் சர்வேயரிடம் கொடுத்து ஒப்பிட்ட பிறகு கையெழுத்திடுங்கள்.

கேள்வி: நோட்டீஸ் கொடுத்த பிறகு என்ன நடக்கும்?

பதில்: 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவின் கீழ் போகும் அந்த நோட்டீஸில் நீங்கள் தர நினைக்கும் தொகையைக் குறிப்பிட வேண்டும். அதில் பத்து சதவீதத்தை, அல்லது 250 பவுண்டை, எது அதிகமோ அதை, ஃப்ரீஹோல்டர் முன்பணமாகக் கேட்கலாம். பதில் நோட்டீஸுக்குக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். அந்தக் கெடுவுக்குள் அவர் பதில் தராவிட்டால், நீங்கள் எழுதிய தொகைக்கே நீட்டிப்பைக் கேட்டு கவுண்டி நீதிமன்றம் போகலாம்.

பதில் வந்துவிட்டால் மறக்கக் கூடாத தேதி ஒன்று உண்டு. தொகையில் ஒத்துப்போகவில்லை என்றால், பதில் வந்த இரண்டு மாதத்துக்குப் பிறகும் ஆறு மாதத்துக்குள்ளும் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். ஆறு மாதம் கடந்தால் உங்கள் நோட்டீஸ் வாபஸ் ஆனதாகவே கருதப்படும். அடுத்த 12 மாதங்களுக்குப் புதிதாகக் கொடுக்கவும் முடியாது. 80ஐ ஒட்டி நிற்பவருக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் இல்லை. சொலிசிட்டர் பார்த்துக்கொள்வார் என்று இருக்காமல் உங்கள் காலண்டரிலும் குறித்துவையுங்கள்.

கேள்வி: வாங்கப்போகும் ஃபிளாட்டில் 80 ஆண்டும் சில வாரங்களும்தான் இருக்கின்றன. இரண்டு ஆண்டு சொந்தமாக வைத்திருந்தால்தான் நீட்டிக்க முடியுமாமே?

பதில்: அந்த நிபந்தனை 2025 ஜனவரி 31 அன்று போய்விட்டது. இருந்தாலும் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் உங்கள் பெயர் ஏறும்வரை நீங்கள் நோட்டீஸ் கொடுக்க முடியாது. அதற்குள் உங்கள் சில வாரங்கள் கரைந்துவிடும். விற்பவரையே இப்போது நோட்டீஸ் கொடுக்கச் சொல்லி, அதன் பலனை விற்பனையோடு உங்கள் பெயருக்கு மாற்றி எழுதி வாங்குங்கள். முடியாது என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஃப்ரீஹோல்டர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை.

பதில்: தேடிய முயற்சிகளுக்கு ஆதாரம் வைத்துக்கொண்டு கவுண்டி நீதிமன்றத்தை அணுகுங்கள். அவருக்குப் பதிலாக நீதிமன்றமே லீஸை எழுதித் தரும்.

கேள்வி: ஃப்ரீஹோல்டரின் வக்கீலுக்கும் நானே பணம் கட்ட வேண்டுமா?

பதில்: இன்றைய நிலையில் ஆம். அவருடைய நியாயமான சட்டச் செலவும் மதிப்பீட்டுச் செலவும் உங்கள் தலையில்தான். ஆனால் பேரம் பேசிய செலவையும் தீர்ப்பாயத்துக்கு வந்த செலவையும் பில்லில் சேர்த்திருந்தால் கட்டாதீர்கள்.