ட்ரிஃப்ட் (வளைவில் வாலைச் சறுக்கவிட்டு ஓட்டும்) ரிமோட் கார்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: புதிதாக ஆரம்பிக்கிறேன். நான்கு சக்கர இழுவையா, பின்சக்கர இழுவையா?

பதில்: 1/10 அளவில் பின்சக்கர இழுவை. யோகோமோ ஒய்டி-2, எம்எஸ்டி ஆர்எம்எக்ஸ் மாதிரி சேசிஸ் (அடிச்சட்டகம்). நான்கு சக்கர இழுவையான டமியா டிடி-02டி முதல் நாளே சறுக்கும். ஆனால் முன் சக்கரமும் இழுப்பதால் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்கும் அழகு அவ்வளவாக வராது.

கேள்வி: ஜைரோ (கார் திரும்புவதை உணர்ந்து ஸ்டீயரிங்கைத் திருத்தும் சிறு கருவி) கட்டாயமா?

பதில்: பின்சக்கர இழுவைக்குக் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வால் நழுவியதும் முன் சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்புவது அதுதான். பொருத்தியதும் காரை மேசையில் வைத்து, பின்பக்கத்தைச் சட்டென்று வலப்பக்கம் தள்ளுங்கள். முன் சக்கரமும் வலப்பக்கம் திரும்பினால் சரி. இடப்பக்கம் போனால் ஜைரோவின் திசையை மாற்றுங்கள், இல்லாவிட்டால் கார் பம்பரமாகச் சுற்றும். நேராகப் போகும்போதே முன் சக்கரம் வெடவெடவென்று ஆடினால் கெயின் (ஜைரோ திருத்தும் அளவு) அதிகம், குறையுங்கள்.

கேள்வி: அப்படியானால் ஓட்டுவது நீங்களா, கருவியா? ஏமாற்று வேலை இல்லையா?

பதில்: வந்துவிட்டீர்களா! நிஜக் காரில் வால் நழுவினால் காஸ்டர் கோணத்தால் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) ஸ்டீயரிங் தானாகவே எதிர்ப்பக்கம் ஓடும், ஓட்டுபவர் கையைத் தளர்த்தினால் போதும். நம் காரில் சர்வோ (ஸ்டீயரிங்கைத் திருப்பும் சிறு மோட்டார்) சக்கரத்தை இறுக்கிப் பிடித்திருக்கிறது. நிஜக் கார் தானே செய்வதைத்தான் ஜைரோ செய்கிறது.

கேள்வி: (அவரே) முன்பு நான்கு சக்கர இழுவையில் ஜைரோ இல்லாமல் ஓட்டினார்களே?

பதில்: அங்கே முன் சக்கர இழுவையே காரை நிமிர்த்திவிடும். அதுவும் உதவிதானே ஐயா? ஜைரோவைக் கழற்றிவிட்டு ஒரு வளைவு ஓட்டிப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

கேள்வி: சறுக்குவதற்காகச் சாதாரண ரப்பர் டயரின் மேல் பிவிசி குழாய் வளையம் மாட்டலாமா?

பதில்: பழகுவதற்குத் தாராளமாக. சக்கரத்தைக் கடைக்கே எடுத்துப்போய் இறுக்கமாகப் பொருந்தும் குழாயைத் தேர்ந்தெடுங்கள். நான்கு வளையமும் ஒரே குழாயிலிருந்து, ஒரே அகலத்தில் வெட்டியதாக இருக்கட்டும். சொரசொரப்பான மொட்டை மாடி அதைத் தின்றுவிடும்; வழவழப்பான சிமெண்ட் தரை நல்லது.

கேள்வி: லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை எப்படி சார்ஜ் செய்வது?

பதில்: 7.4 வோல்ட், இரண்டு செல். லிப்போவுக்கான பேலன்ஸ் சார்ஜர் (செல்களைச் சமமாக ஏற்றுவது) வேண்டும். 4000 எம்ஏஎச் என்றால் 4 ஆம்பியர். செல்லுக்கு 4.2 வோல்ட்டில் நிறுத்தம். ஓட்டாமல் எடுத்து வைக்கும்போது செல்லுக்கு 3.8. பேட்டரி வீங்கிவிட்டால் ஒதுக்கி வையுங்கள், மறுபடி சார்ஜ் வேண்டாம். சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

கேள்வி: எந்த மோட்டார் அதிக வேகம்?

பதில்: வேகம் வேண்டுமென்றால் வேறு வகைக் கார் பாருங்கள். இதற்கு 13.5டி (டி என்பது கம்பிச் சுற்று) பிரஷ்லெஸ் போதும்.

கேள்வி: இரவு சார்ஜ் போட்டால் காலையில் தயாராக இருக்குமே?

பதில்: இரண்டு கேள்விக்கு மேலே பாருங்கள்.

கேள்வி: நைட்ரோ எஞ்சின் கார்?

பதில்: என் பக்கம் இல்லை. நைட்ரோ ஓட்டுபவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: முதலில் எதைப் பழகுவது?

பதில்: தண்ணீர் பாட்டிலை நடுவில் வைத்து வட்டம். த்ராட்டிலை விட்டு விட்டு அமுக்காமல் சீராகப் பிடியுங்கள். வட்டம் பெரிதானால் கொஞ்சம் குறையுங்கள், வால் அடங்கினால் கொஞ்சம் கூட்டுங்கள். வலச்சுற்று வந்ததும் இடச்சுற்று, பிறகு இரண்டு பாட்டிலில் எட்டு. அதுவரை அழகான பாடி எதுவும் வாங்காதீர்கள், முன்பம்பர் முதல் வாரமே சுவரில் போய்விடும்.