தேசிய அணி கேட்டால் கழகம் விடத்தான் வேண்டுமா?

இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே விடயத்தைச் சுற்றியே இருக்கின்றன. ஆகவே இந்தப் பகுதியை அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: எங்கள் கழகத்தில் விளையாடும் 16 வயதுப் பொடியனை 17 வயதுக்குட்பட்ட தேசிய உதைபந்தாட்ட அணியின் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதே கிழமை எங்களுக்கு அரையிறுதி. அவன் இல்லாவிட்டால் நடுக்களமே இல்லை. விடாவிட்டால் எங்கள் வெற்றியைப் பறிப்பார்களா?
— கழகச் செயலாளர் ஒருவர், மல்லாவி

பதில்: பறிக்கும் விதி பீபாவிடம் இருக்கிறது. ஆனால் அது இப்படியான முகாமுக்குப் பொருந்தாது.

வீரர்களை விடுவிப்பது பற்றி பீபாவின் வீரர் தகுநிலை, இடமாற்ற ஒழுங்குவிதிகளின் முதலாம் பின்னிணைப்பு சொல்கிறது. கழகம் கட்டாயம் விடவேண்டியது சர்வதேச ஆட்ட நாட்காட்டியில் குறித்த விண்டோக்களுக்கும் (தேசிய அணிகளின் ஆட்டங்களுக்கென ஒதுக்கிய நாட்கள்), உலகக் கிண்ணம், ஆசியக் கிண்ணம் போன்ற, வயதெல்லை இல்லாத முதன்மை அணிகளின் இறுதிச் சுற்றுகளுக்கும்தான். வழமையான விண்டோ திங்கள் காலை தொடங்கி அடுத்த கிழமை செவ்வாய் இரவு முடியும். வெளிநாட்டுக் கழகத்தில் விளையாடுபவரைக் கூப்பிடுவதென்றால், விண்டோ தொடங்க 15 நாளுக்கு முன்னரே அவருக்கும் கழகத்துக்கும் எழுத்தில் அறிவிக்கவேண்டும். கழகம் 6 நாளுக்குள் பதில் தரவேண்டும். அலுவல் முடிந்து 24 மணித்தியாலத்துக்குள் வீரர் கழகத்துக்குத் திரும்பவேண்டும். வேறு கண்டத்தில் விளையாடியிருந்தால் 48 மணித்தியாலம். இந்தக் கட்டாயத்தை மீறிய கழகம் அந்த வீரரை இறக்கி விளையாடினால், அந்த ஆட்டத்தைத் தோல்வியாக அறிவிக்கும்படி பீபா கேட்கலாம். நீங்கள் கேள்விப்பட்டது இந்த விதியாகத்தான் இருக்கும்.

நாட்காட்டிக்கு வெளியே வரும் முகாமும் சுற்றும், வயதுக்குட்பட்ட அணியுடையதானாலும் சரி, அந்தக் கட்டாயத்துக்குள் வராது. இதற்கு நல்ல சான்று 2008 பெய்ஜிங் ஒலிம்பிக். அதுவும் 23 வயதுக்குட்பட்டோருக்கான சுற்றுத்தான். மெஸ்ஸியை விடமாட்டோம் என்று பார்சலோனாவும், தங்கள் பிரேசில் வீரர்களை விடமாட்டோம் என்று ஜேர்மன் கழகங்களான வெர்டர் பிறேமனும் ஷல்கவும் விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போயின. ஒலிம்பிக் நாட்காட்டியில் இல்லை, ஆகவே கட்டாயமில்லை என்று ஓகஸ்ட் 6ஆம் திகதி தீர்ப்பு வந்தது. வழக்கில் வென்ற பிறகும் பார்சலோனா மெஸ்ஸியை விளையாட விட்டது. ஆர்ஜென்டினா தங்கம் வென்றது.

ஒன்றை மட்டும் மறக்காமல் பாருங்கள். உங்கள் சுற்றை நடத்தும் லீக்கின் விதிக்கோவையிலும், நீங்கள் கையெழுத்திட்ட பதிவுப் படிவத்திலும் தேசிய முகாம் பற்றித் தனி வரி ஏதும் இருக்கிறதா? இருந்தால் அது உங்களைக் கட்டும்.

இனி எங்கள் அபிப்பிராயம்: விடுங்கள். அரையிறுதி அடுத்த வருடமும் வரும். 17 வயதுக்குட்பட்ட அணியில் அவனுக்கு அடுத்த வருடம் இடமே இல்லாமற் போகலாம். அதோடு லீக் செயலாளருக்கு இன்றைக்கே எழுதி, அழைப்புக் கடிதத்தின் பிரதியை இணைத்து, ஆட்டத்தைத் தள்ளிவைக்கக் கேளுங்கள். ஆட்டத்துக்கு முதல்நாள் தொலைபேசியில் கேட்டால் யாரும் திகதி மாற்றமாட்டார்கள்.

கேள்வி: விடுவதற்குச் சம்மதம். கடிதத்தில் என்ன எழுதவேண்டும்?
— பயிற்றுநர் ஒருவர், முழங்காவில்

பதில்: "வீரரை விடுவிக்கிறோம்" என்ற ஒற்றை வரிக் கடிதத்தால்தான் பிறகு சண்டை வருகிறது. இப்படி எழுதுங்கள்:

"எமது கழக வீரரை … ஆம் திகதி காலை முதல் … ஆம் திகதி மாலை வரை விடுவிக்கிறோம். முகாம் நீடிக்கப்பட்டால் எழுத்தில் மீண்டும் கேட்கவேண்டும். போக்குவரத்து, தங்குமிடம், உணவு, மருத்துவச் செலவு ஆகியவற்றை அழைத்தவர்கள் பொறுப்பேற்பதாக இக்கடிதத்தின் பிரதியில் கையெழுத்திட்டு அனுப்பவும். இவர் கடந்த 14 நாட்களில் … ஆட்டங்கள் விளையாடியுள்ளார். இடது தொடைப் பின்தசையில் … மாதம் காயம் ஏற்பட்டுக் குணமடைந்துள்ளார்."

கடைசி இரண்டு வரிகளையும் பலர் எழுதுவதில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளை பாடசாலை அணி, கழகம், மாவட்ட அணி என்று மூன்றுக்கும் ஓடுகிறது. முகாமில் இருக்கும் பயிற்றுநருக்கு அது தெரியாது. முதல்நாளே யோ-யோ ஓட்டச் சோதனை வைப்பார். 20 மீற்றர் போய், 20 மீற்றர் திரும்பி, 10 செக்கன் ஓய்வு. வேகம் கூடிக்கொண்டே போகும். மாங்குளத்தில் இரவு பஸ் ஏறி, விடிய கொழும்பில் இறங்கி, அப்படியே அந்தச் சோதனைக்கு நிற்கிற பிள்ளைக்குத் தசை பிடிக்காமல் என்ன செய்யும்? ஒருநாள் முன்கூட்டியே அனுப்பித் தங்கவைக்க வழி கேளுங்கள். திரும்பி வந்த பிறகும் உடனே ஆட்டத்தில் இறக்காமல் இரண்டு நாள் ஓய்வு கொடுங்கள்.

கேள்வி: மகனுக்கு 15 வயது. வெளிநாட்டுச் சுற்றுக்குத் தெரிவானால் கடவுச்சீட்டு உடனே வேண்டும் என்கிறார்கள். தகப்பன் இல்லை. சாதாரண தரப் பரீட்சையும் வருகிறது.
— தாய் ஒருவர், புதுக்குடியிருப்பு

பதில்: தெரிவு வரும்வரை காத்திருக்காதீர்கள் அம்மா. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் வவுனியாவில் இருக்கிறது. பத்தரமுல்லை வரை போகத் தேவையில்லை. 16 வயதுக்குட்பட்டவருக்குப் பெற்றோர் இருவரின் சம்மதமும் கேட்பார்கள். தகப்பனின் இறப்புச் சான்றிதழ், அல்லது அவர் காணாமற்போனவராயின் அதற்கென வழங்கப்பட்ட சான்றிதழ், உங்கள் விவாகச் சான்றிதழ் எல்லாவற்றின் மூலப் பிரதியையும் கொண்டுபோங்கள். போகமுதல், பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரையும் பாடசாலைப் பதிவில் உள்ள பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். தமிழில் ஒன்றாக இருக்கும், ஆங்கிலத்தில் ஒரு எழுத்து கூடிக் குறைந்திருக்கும். அந்த ஒரு எழுத்தால் அணிப் பதிவே தடைப்படலாம். இடம்பெயர்வில் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் பிரதி எடுங்கள்.

பரீட்சைக்கு மாற்றுத் திகதி கிடையாது. முகாமின் திகதியைப் பரீட்சை அட்டவணையோடு வைத்துப் பார்த்து, மோதினால் அதிபர் மூலம் எழுத்தில் அறிவியுங்கள். எந்த நேர்மையான பயிற்றுநரும் பரீட்சை எழுதப்போன பிள்ளையைத் தண்டிக்கமாட்டார்.

கேள்வி: என் பேரன் கனடாவில் ஐஸ் ஹொக்கி விளையாடுகிறான். ஒன்ராறியோ ஜூனியர் லீக்கில் எடுத்திருக்கிறார்கள். நத்தார் நேரம் கனடா ஜூனியர் அணிக்கு ஆள் எடுப்பார்களாம். அவனது கழகம் விடுமா?
— அம்மம்மா ஒருவர், பரந்தன்

பதில்: விடும் அம்மா, அங்கே அது பழகிப்போன நடைமுறை. 20 வயதுக்குட்பட்ட உலகச் சுற்று டிசம்பர் 26 அளவில் தொடங்கி ஜனவரி 5 அளவில் முடியும். 2026 சுற்றுக்கு 2006இலோ அதன் பிறகோ பிறந்தவர்கள் தகுதி. அதற்கு முன் முகாமும் இருப்பதால் வீரர் கழகத்தைவிட்டு மூன்று கிழமை அளவில் போகிறார். கனடிய ஹொக்கி லீக்கின் மூன்று பிரிவுகளான ஒன்ராறியோ, மேற்கு, கியூபெக் லீக்குகளின் கழகங்கள் அந்த நாட்களில் தங்கள் மிகச் சிறந்த பொடியன்களே இல்லாமல் விளையாடுகின்றன.

சிக்கல் இரண்டு இடத்தில் வரும். ஒன்று, பிள்ளை வளர்ந்து வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹொக்கி லீக்கான என்.எச்.எல். கழகத்தில் இடம்பிடித்துவிட்டால், அந்தக் கழகத்துக்கு ஜூனியர் சுற்றுக்கு விடவேண்டிய கடமை இல்லை. விருப்பப்பட்டால் இரவல் கொடுக்கும். 2022 டிசம்பரில் சியாற்றில் கிறாக்கன் என்ற என்.எச்.எல். கழகம் தன் இளம் வீரர் ஷேன் றைட்டை அப்படித்தான் கொடுத்தது. அவர் தலைவராக நின்று கனடா தங்கம் வென்றது. மற்றது, 18 வயதுக்குட்பட்ட உலகச் சுற்று ஏப்ரலில் வருகிறது. அது ஜூனியர் லீக்குகளின் பிளேஓவ், அதாவது கிண்ணத்துக்கான வெளியேற்றச் சுற்றுக் காலம். தன் கழகம் தோற்று வெளியேறிய பிள்ளைதான் கனடாவுக்குப் போகமுடியும். அதனால் அந்த வயதில் கனடா தன் முழுப் பலமான அணியை ஓகஸ்ட்டில் நடக்கும் ஹிலிங்கா கிரெற்ஸ்கி கிண்ணத்துக்கு அனுப்புகிறது. அப்போது லீக் தொடங்கியிராது, கழகத்தோடு இழுபறியும் இல்லை. பேரனுக்கு 17 வயதென்றால் ஓகஸ்ட் மாதத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தேசிய அணியில் காயப்பட்டால் செலவு யாருக்கு?
— ஒரு தகப்பன், செட்டிகுளம்

பதில்: பீபா விதிப்படி பயணச் செலவு அழைத்த சங்கத்துக்கு. விபத்து, நோய்க் காப்புறுதி, கேட்கக் கஷ்டமாக இருந்தாலும், பதிவு செய்த கழகத்தின் பொறுப்பு. 28 நாளுக்கு மேற்பட்ட காயத்துக்குக் கழகத்துக்கு ஈடுகொடுக்கும் பீபாவின் காப்புத் திட்டம் தொழில்முறை வீரர்கள் முதன்மை அணிக்கு ஆடும்போதுதான். கிராமக் கழகத்திடம் காப்புறுதி இராது. ஆகவே முகாமுக்கு அனுப்புமுன் "மருத்துவச் செலவு யாருடையது" என்பதற்குக் கையெழுத்து வாங்குங்கள். ஏற்கனவே காயமிருந்தால் மறைக்காமல் வைத்தியரின் அறிக்கையை அனுப்புங்கள். அழைத்தவர்கள் தங்கள் வைத்தியரைக்கொண்டு பரிசோதிக்கக் கேட்கலாம். அது அவர்கள் உரிமை.

கேள்வி: கையை ஸ்கான் பண்ணி வயது பார்ப்பார்களாமே, உண்மையா?
— மாணவன், ஒட்டுசுட்டான்

பதில்: உண்மை தம்பி. 17 வயதுக்குட்பட்ட ஆண்கள் உலகக் கிண்ணத்தில் 2009 முதல் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிறார்கள். முன்கையின் ஆரை எலும்பில், எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டு எவ்வளவு மூடியிருக்கிறது என்பதை ஆறு படிகளாகப் பிரிப்பார்கள். ஆறாவது படி, அதாவது முழுதாக மூடியிருந்தால், பிறப்புச் சான்றிதழில் என்ன இருந்தாலும் ஆள் வெளியே. ஊசியும் இல்லை, எக்ஸ்றே கதிரும் இல்லை, நோகாது. கையை அசைக்காமல் வைத்திருந்தால் போதும். அசைந்தால் படம் கலங்கி மறுபடி எடுப்பார்கள்.